சபாபதி சத்தம் குறைத்த கதை

டீக்கடையில் சபாபதி தன் கிளாஸைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருப்பவன் கிளாஸைத்தான் பார்ப்பான். அதில் நுரை கூடுதலாக இருந்தால், "இன்னாபா, அவருக்கு மட்டும் தனிப் பாலா?" என்று கேட்பான். யாராவது வணக்கம் சொன்னால் எதற்கு என்று யோசிப்பான். சொல்லாமல் போனால் அதற்கும் யோசிப்பான். பிள்ளையார்பாளையத்தில் அவனுக்குச் சந்தேக சபாபதி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று அவனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவன் சரியாகச் சந்தேகப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

நான் மைக் செட் கைலாசம். கலியாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது என் தொழில். சந்தேகத்தைப் பொதுவாக நான் குறை சொல்ல மாட்டேன். ஒயரை நம்புகிறவன் மைக் செட் நடத்த முடியாது. ஆனால் ஒயரைச் சந்தேகப்படுவது வேறு, கட்டின பெண்டாட்டியைச் சந்தேகப்படுவது வேறு. இதை அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னால், "உனுக்கு ஏண்ணே அவ மேல இவ்ளோ அக்கறை?" என்று கேட்பான். இப்படிப்பட்டவனிடம் என்ன பேசுவது!

அவனைத் திட்டிவிட்டு விட்டுவிடவும் முடியாது. பட்டு நெய்கிறவன் பிழைப்பு தராசில் ஆரம்பித்துத் தராசில் முடியும். முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார், நெய்த சேலையை எடை போட்டு வாங்குவார். சபாபதியின் அப்பா கொண்டுபோன சேலை ஒருமுறை எடை குறைந்தது. ஜரிகை எங்கே என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். எடுத்தது அவரில்லை. கூடவே உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதன் வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுபோயிருந்தான். அது வெளியே வருவதற்குள் அவரைக் கள்ளன் என்று தெரு பேசி முடித்துவிட்டது. அந்த மனுஷன் அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து நடக்கவே இல்லை. சபாபதி அதைப் பார்த்து வளர்ந்தவன். சூடு கண்ட பூனை.

அவன் மனைவி வடிவாம்பாள் திருப்புட்குழிக்காரி. அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேதான். பாவு பிணைப்பதில் அவளுக்கு நிகர் எங்கள் பக்கத்தில் இல்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, மயிரிழையை விட மெல்லிசான ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை ஒன்று விடாமல் முறுக்குகிற வேலை அது. வீடு வீடாகப் போய்ச் செய்வாள். தன் வீட்டுப் பாவை மட்டும் தொடமாட்டாள். ஆரம்பத்தில் இரண்டு தடவை செய்தாளாம். அவள் முடித்து எழுந்ததும் சபாபதி போய் உட்கார்ந்து ஒவ்வொரு முறுக்காகச் சோதித்ததில், "உங்க பாவுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

வேலை முடிந்து சாயந்திரம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் சபாபதி ஒரு காரியம் செய்வான். அவள் சேலைத் தலைப்பில் இருக்கும் முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பான். உள்ளே கொட்டைப்பாக்கும், பொட்டலத்தில் கொஞ்சம் சாம்பலும் இருக்கும். "நாலு வூட்டுக்குப் போறவ. ஜரிகை காணோம்னு நாளைக்கு எவனும் சொல்லிடக் கூடாது பாரு. அதுக்குத்தான்" என்று எனக்கு விளக்கம் சொன்னான். பாதி நிஜம்தான் என்று நினைக்கிறேன். மற்றப் பாதி என்னவென்று அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவன் கையில் டிரம்ஸ் வந்து சேர்ந்தது. பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியர் ஆஸ்திரேலியாவுக்குக் குடி போகும்போது விட்டுப்போனது. அதைக் கொண்டுவந்தது வேலாயுதம். அவனும் நெசவுக்காரன், சபாபதிக்கு நாலு வீடு தள்ளி இருப்பவன். எலக்ட்ரிக் கிடார் வாசிப்பான். அதற்கான ஆம்ப்ளிஃபயரைப் பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து நான்தான் கட்டிக் கொடுத்தேன். பாடுவதற்குக் கல்லூரி மாணவன் இளங்கோவன். மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்த குழுவுக்கு 'ஷட்டில்ஸ்' என்று பெயர். தறியில் ஓடுகிற நாடாவை இங்கிலீஷில் சொன்னால் அதுதானாம். இளங்கோவன் கண்டுபிடித்தது.

அமாவாசை அன்றைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் தெரு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கெடுப்பதற்கென்றே இவர்கள் அன்றைக்கு என் கொட்டகையில் ஒத்திகை வைத்தார்கள். அவர்களே சொந்தமாகக் கட்டிய பாட்டுகள். வார்த்தை பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மீதி இரைச்சல். சபாபதி குச்சியைத் தூக்கினால் தெரு நாய்கள் மடத்துத் தெருப் பக்கம் ஓடிவிடும். தறியில் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவன், டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்ததும் யாரையோ பழி வாங்குகிற மாதிரி அடிப்பான். கல்லூரி விழாக்களில் பையன்கள் பெஞ்சு மேல் ஏறி ஆடினார்கள். வாலாஜாபாத், செய்யாறு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்துக்குப் பிறகுதான் குழப்பம் ஆரம்பித்தது.

ஒரு அமாவாசைக்கு வேலாயுதம் ஒயர் இல்லாத மரக் கிடாரோடு வந்தான். மெதுவான ஒரு மெட்டு வாசித்தான். வெள்ளாவிப் பக்கமோ கிணற்றடியிலோ கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. இளங்கோவன் தொண்டையைக் கிழிக்காமல் பாடினான். சபாபதி வழக்கம்போல ஓங்கினான்.

"குச்சிய வெச்சிடு சபா. கையால தட்டு. மெதுவா" என்றான் வேலாயுதம்.

"ஏன்?"

"பாட்டு கேக்கணும்பா."

"அப்ப இவ்ளோ நாளா கேக்கலியா?"

அன்றைக்கு விழுந்த விதை. அடுத்த அமாவாசைக்கு இன்னொரு மெதுவான பாட்டு. அதற்கடுத்த மாதம் பெரிய டிரம்மை மூட்டை கட்டி ஓரமாக வைக்கச் சொன்னான். சபாபதி என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அண்ணே, என்னக் கழட்டிவுடப் பாக்கறாங்க."

"யாருடா?"

"வேலாயுதந்தான். மொதல்ல குச்சி போச்சு. அப்பறம் பெரிய டிரம் போச்சு. கடைசில ஆளு போவணும். கணக்கு சரியா இருக்குது பாரு."

அவன் சும்மா இருக்கவில்லை. வேலாயுதம் ஏனாத்தூரில் ஒரு குயவர் வீட்டிலிருந்து பானையோடு வந்ததைப் பார்த்துவிட்டு, டிரம்ஸுக்குப் பதிலாகக் கடம் வாசிக்க ஆள் வைக்கப்போகிறான் என்று முடிவு கட்டினான். பின்னாலேயே போய்ப் பார்த்தால், அந்தப் பானையில் வேலாயுதத்தின் மனைவி கமலாட்சி தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அதில் சமாதானமாகவில்லை. "எனுக்குத் தெரியக் கூடாதுன்னு தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க" என்றான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"நேரா வேலாயுதத்தக் கேட்டுத் தொலையேன்" என்றேன். கேட்க மாட்டான். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் சந்தேகப்பட என்ன மிச்சம் இருக்கும்?

வைகாசியில் தாமலில் ஒரு பெரிய விவசாயி வீட்டுக் கலியாணம். ஏரிக்கரையை ஒட்டிப் பந்தல். ஷட்டில்ஸ் குழு வருகிறது என்றதும் வயதான பெண்கள் எல்லாம் முன்ஜாக்கிரதையாகப் பந்தலின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தார்கள். அன்றுதான் அந்தப் புதுப் பாட்டை முதல் முறையாக மேடையில் பாடினார்கள்.

பழைய இழையும் புது இழையும்
பக்கம் பக்கம் சேருதடி
சாம்பல் தொட்டு முறுக்கையிலே
சங்கடமும் தீருதடி

கடைசியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வந்தார்கள். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவள் வாளியோடு நின்றுவிட்டாள். ஸ்பீக்கரை எவ்வளவு தூக்கி வைத்தும் இவர்களுக்கு இப்படி ஒரு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. சபாபதி வேண்டாவெறுப்பாக விரலால் தட்டிக்கொண்டிருந்தான். இளங்கோவன் அடுத்த அடிக்குப் போனான்.

விளக்கு வெச்சா யாருக்குன்னு கேப்பாரு - அந்த
வெளிச்சத்துல எம் முகத்தப் பாக்கமாட்டாரு
தாலி கட்டின கையாலே
தலைப்பு முடிச்ச அவுப்பாரு

சபாபதியின் கை நின்றது. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். சில பேர் சிரிக்காமல் கண்ணைத் துடைத்தார்கள். அவன் சட்டென்று கீழே கிடந்த குச்சியை எடுத்து ஒரு அடி அடித்தான். பந்தலே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எழுந்து அழுதன. பாட்டு அங்கேயே நின்றுபோனது.

திரும்பி வரும்போது லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இறங்கும்போது, "தலைப்பு முடிச்சு விஷயம் அவனுக்கு எப்டிணே தெரிஞ்சுது? எனுக்கும் அவளுக்கும் மட்டுந்தானே தெரியும்?" என்றான்.

"எனக்கும்தான் தெரியும். நீயே சொன்ன."

"நீ பாட்டுக் கட்டமாட்ட" என்றான். அந்த மட்டில் என் மேல் அவனுக்கு நம்பிக்கை.

டிரம்ஸ் போகிறதே என்று பயந்தவன், இப்போது பெண்டாட்டியே போகிறாள் என்று பயப்பட ஆரம்பித்தான். எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சபாபதி கை ஓங்குகிற ஆள் இல்லை. ஆனால் அப்பாவின் சிநேகிதனைப் பார்த்த அதே கண்ணால் வேலாயுதத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஆடி பிறந்து ஒரு வேலை நாள். மத்தியானம். சபாபதி தறியில் உட்கார்ந்தபடியே தெருவில் உள்ள தறிகளை எல்லாம் காதால் பார்க்கிறவன். எந்த வீட்டில் நாடா வேகமாகப் போகிறது, எந்த வீட்டில் ஆள் எழுந்து போய்விட்டான் என்று சொல்வான். அன்றைக்கு வேலாயுதத்தின் தறி ஓடவில்லை. அமாவாசை இல்லை, சாவு இல்லை, விசேஷம் இல்லை. காலையில் எங்கே வேலை என்று வடிவாம்பாளைக் கேட்டபோது "பக்கத்துலதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். என் கடைக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

"சாட்சிக்கு வாண்ணே."

போனேன். தடுக்கப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். என்னதான் நடக்கிறது என்று எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

வேலாயுதம் வீட்டுக் கொல்லைப் பக்கமாக நுழைந்தோம். கிணற்றுக்குப் பக்கத்தில் வேலாயுதம் மடியில் மரக் கிடாரை வைத்துக்கொண்டு, கம்பியை மீட்டாமல் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து வாயில் விரலை வைத்தான். தறிக் கூடத்தின் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளிருந்து ஒரு பெண் பாடுகிற குரல் வந்தது. தாமலில் கேட்ட அதே பாட்டு.

கதவிடுக்கில் பார்த்தேன். தறியில் புதுப் பாவு. அதன் முன்னால் வடிவாம்பாள். எதிரே கமலாட்சி பாவை இழுத்துப் பிடித்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தறி ஏன் நிற்கும்? பாவு தீர்ந்தால் நிற்கும். பிணைக்கிற நாளில் நிற்கும். பிணைப்பது யார்? சபாபதியின் பெண்டாட்டி. தறியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை.

சபாபதி கதவைத் தள்ளக் கை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. அதற்குக் காரணம் நானோ வேலாயுதமோ இல்லை. பாவு பிணைக்கிற இடத்தில் நெசவுக்காரன் நுழைய மாட்டான். பிணைக்கிறவளிடம் யாரும் பேசக் கூடாது. ஒரு இழை தவறிப்போனால் அந்தக் குறை அடுத்தடுத்த சேலைகளில் எல்லாம் ஓடும். ஆனால் அவள் பாடலாம். பாட்டு இருந்தால் கை தவறாது என்பார்கள். ஆகவே நாள் முழுக்க வாய் மூடி இருக்க வேண்டியவள், சொல்ல வேண்டியதை எல்லாம் பாட்டிலேயே சொல்லிவிடுவாள். மாமியார், நாத்தி, புருஷன் யாரும் தப்ப முடியாது. பாவு முன்னால் பாடியதை வெளியே கொண்டுவந்து யாரும் சண்டைக்கு வரக் கூடாது. இது எங்கள் தெருக்களில் எழுதாத சட்டம். ஆண்கள் அதனால்தான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆக, வடிவாம்பாள் பிணைத்த வீட்டில் எல்லாம் அந்தப் பாட்டு கேட்டிருக்கிறது. தலைப்பு முடிச்சு அவிழ்க்கிற கதை ஊருக்கே தெரியும். அவள் தொடாத ஒரே பாவு சபாபதியின் பாவு. ஆகையால் அவன் ஒருவனுக்குத்தான் பாட்டு தெரியாது.

உள்ளே அவள் அடுத்த அடியைப் பாடினாள். தாமலில் பாடாத அடி.

ஊரு கேக்க அடிப்பாரு
உள்ள பேசினா கேக்கமாட்டாரு
ஆடி அமாவாச வரட்டும்
அண்ணன் வூட்டுக்கு வழியிருக்குது

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. கமலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள். சபாபதி கதவிலிருந்து கையை எடுத்தான். திரும்பிக் கிணற்றடிக்கு வந்தான்.

"கமலா அந்தப் பாட்ட மொணமொணத்துக்கினே இருந்துது. மெட்டு நல்லா இருந்துது, எடுத்துக்கினேன்" என்றான் வேலாயுதம், குரலே இல்லாமல். "உன்னத் தள்ளணும்னு இல்ல சபா. நீ அடிச்சா வார்த்தை காதுல வுழல. அவ்ளோதான்."

"நான் நிறுத்தாம இருந்தா இந்தக் கடைசி அடியயும் தாமல்ல பாடியிருப்பியா?"

"எப்டிடா பாடுவேன்? உம் பொண்டாட்டி போறேன்னு சொல்றா. அத உன் முன்னாடி மேடையிலயா பாடறது?"

அன்று சாயந்திரம் நடந்ததை மறுநாள் சபாபதியே சொன்னான். வடிவாம்பாள் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைப்பை நீட்டியிருக்கிறாள். இவன் தொடவில்லை.

"அவுத்துப் பாக்கலியா?"

"வேணாம்."

"ஏன்? எவன் இன்னா சொன்னான்? புதுசா இன்னா வந்துச்சு?"

அவள் தானே முடிச்சை அவிழ்த்து, பாக்கையும் சாம்பலையும் அவன் முன்னால் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். "இப்ப அவளுக்கு எம் மேல சந்தேகம்ணே" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"போவாதேன்னு சொல்லேண்டா!"

"எப்டிச் சொல்லுவேன்? அவ எங்கிட்டச் சொல்லல. பாவு முன்னாடி பாடினத நான் எப்டிக் கேக்கறது?"

நியாயம்தான். இத்தனை வருஷம் கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டவனுக்கு, கேட்க வேண்டிய ஒன்று வந்தபோது வாயைத் திறக்க வழி இல்லை. எனக்கு அவன் மேல் முதல் முறையாக இரக்கம் வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் வந்தன.

ஆடி அமாவாசை அன்று எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றி, சாயந்திரம் ஷட்டில்ஸ் கச்சேரி. தறிகள் எல்லாம் நின்றிருந்தன. மேடை கட்டும்போது சபாபதி வந்தான். பெரிய டிரம்மைக் கொண்டுவரவில்லை. குச்சியையும் கொண்டுவரவில்லை.

"அண்ணே, டிரம்முக்குப் பக்கத்துல ஒரு மைக் வை."

டிரம்முக்கு மைக் என்று ஒன்றை நான் அதுவரை வைத்ததே இல்லை. அவன் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் என் கவலையாக இருந்தது. பிறகு அவன் வேலாயுதத்திடம் போய், "முழுப் பாட்டும் பாடணும். ஒரு அடியும் வுடக் கூடாது" என்றான்.

"யோசிச்சுக்கோ சபா. தெருவே இருக்கும்."

"இருக்கட்டும். அவ எனுக்குச் சொல்ல முடியாதத பாட்டுலதானே சொன்னா. நானும் வேற எதுல சொல்றது?"

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெரு நிறைந்துவிட்டது. வடிவாம்பாள் கூட்டத்தின் ஓரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிற வழியில் நின்றாள். கையில் துணிப் பை. கமலாட்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இழுத்துவந்திருப்பாள். மேடைக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு அந்தப் பைதான் முதலில் தெரிந்தது. சபாபதிக்கும் தெரிந்திருக்கும்.

பாட்டு ஆரம்பித்தது. சபாபதி விரல் நுனியால் தட்டினான். பிணைக்கிறவள் கை போகிற வேகம் என்னவோ அதே வேகம். மைக் இல்லாவிட்டால் எனக்கே கேட்டிருக்காது. "தலைப்பு முடிச்ச அவுப்பாரு" என்று வந்ததும் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கை நிற்கவில்லை. தலை குனியவில்லை. "உள்ள பேசினா கேக்கமாட்டாரு" என்ற இடத்தில் அவன் அப்பாவுக்கு நேர்ந்ததை விடப் பெரிய அவமானம் அவனுக்கு நடந்துகொண்டிருந்தது. அதை அவனே கேட்டு வாங்கியிருந்தான்.

கடைசி அடி முடிந்ததும் நடுவில் வந்த அடிகளைத் திருப்பிப் பாடினார்கள். விளக்கு வெச்சா யாருக்குன்னு கேப்பாரு, அந்த வெளிச்சத்துல எம் முகத்தப் பாக்கமாட்டாரு.

சபாபதி தட்டிக்கொண்டே கூட்டத்துக்கு மேலாக அவளைப் பார்த்தான். மேடையில் நான் கட்டிய பெரிய பல்பின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கண் எடுக்காமல் பார்த்தான்.

வடிவாம்பாள் அவன் பார்ப்பதைக் கவனித்தாள். யாரை இப்படிப் பார்க்கிறான் என்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் சுவர்தான் இருந்தது. அவள் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள். அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். திருப்புட்குழி போகிற பஸ் ஹாரன் அடித்தது. அவள் கையிலிருந்த பையைக் காலடியில் இறக்கி வைத்தாள்.